கழுதை பறந்த கதையும் பெரிய எழுத்து வேதாகமமும்

வேதாகமத்துக்கெல்லாம் விமர்சனம் எழுதுவார்களா அப்பா என்று மகள் சிரிக்கிறாள். உள்ளே இருப்பதற்கு விமர்சனம் எழுத நான் யார்? அதை அச்சடித்து, கட்டி, உறை போட்டு என்னிடம் 8,500 ரூபாவுக்கு விற்றார்களே, அந்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கண் மங்கத் தொடங்கியும் சேர்ச்சில் வாசிக்கிற ஆசை விடாத ஆட்கள் மட்டக்களப்பில் என்னைப் போல இன்னும் கொஞ்சப் பேராவது இருப்பார்கள்.

முதலில் கழுதைக் கதை, அது இல்லாமல் இந்தப் புத்தகத்தை நான் வாங்கியிருக்க மாட்டேன். அரசாங்கக் கச்சேரியில் 31 வருஷம் கோவைகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றால் நிம்மதி என்று எல்லோரும் சொன்னார்கள், யாரும் சொல்லாதது என்னவென்றால் காலை ஐந்து மணிக்கு எழும்பித் தேநீர் குடித்து, வாவிப் பக்கம் ஒரு நடை போய் வந்து, பேப்பரையும் பார்த்து முடித்தால் நேரம் எட்டுத்தான் ஆகியிருக்கும். மிச்ச நாளை என்ன செய்வது? கிழமையில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்குச் சட்டை அயன் பண்ணுகிற நாளாக மிஞ்சியது, அதிலும் மாதத்துக்கு ஒருமுறை வேத வாசிப்பு என் பொறுப்பு. அப்படியொரு ஞாயிறு ஏசாயா 40ஆம் அதிகாரம் வந்தது. கடைசி வசனத்தில் கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப் போலச் செட்டை அடித்து எழும்புவார்கள் என்று இருக்கும். ஒரு கண்ணில் புரை, மற்றதிலும் தெளிவில்லை, எழுத்தோ எறும்பு வரிசை. நல்ல உரத்த குரலில் "கழுதைகளைப் போல" என்று வாசித்துவிட்டேன். செட்டை அடித்து எழும்பியும் விட்டன. இரண்டாவது வாங்கில் இருந்த ஒரு சின்னவன்தான் முதலில் சிரித்தான், தாய் அவன் வாயைப் பொத்தினாள், பிறகு பார்த்தால் ஓகன் வாசிக்கிற பிள்ளையின் தோளும் குலுங்குகிறது. போதகர் ஐயா சட்டென்று அடுத்த பாட்டின் இலக்கத்தைச் சொல்லிச் சமாளித்தார்.

அன்றைக்கே வாசிப்பு அட்டவணை போடுகிறவரிடம் போய், இனி இளம் பிள்ளைகள் வாசிக்கட்டும், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். பெருந்தன்மை மாதிரித்தான் சொன்னேன், உள்ளே இருந்தது வெட்கம். அதற்குப் பிறகு கடைசி வாங்குக்குப் போய்விட்டேன். அதே பாட்டுகள், அதே நீளத்தில் பிரசங்கம், அதே ஆட்கள், ஆனால் எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. விசுவாசம் குறைந்ததா என்று கேட்டால் இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் யாரும் நமக்கு ஒரு வேலையும் தராமல் கதிரையில் உட்கார்த்தி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

போனில் வாசித்துப் பார் என்று மகன் ஒரு செயலியைப் போட்டுத் தந்தான். வீட்டில் அது குறையில்லை, எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெருப்பிக்கலாம். ஆனால் ஜெபக் கூட்டத்தில் ஒருநாள் வாசித்துக்கொண்டு நிற்கும்போதே திரை அணைந்தது, திரும்ப எழுப்பினால் கத்தாரிலிருந்து மச்சான் வட்ஸ்அப்பில் அழைக்கிறார். போன் ஜெபக் கூட்டத்துக்குச் சரிப்படாது என்று அன்றோடு விட்டேன்.

வீட்டில் ஏற்கெனவே இருந்த வேதாகமம் அம்மாவினுடையது. 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு ஞாயிறு, சுனாமியில் கடல் எங்கள் கல்லடிக்குள் வந்த அன்று அது அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. காயவைத்து எடுத்தோம். தாள்கள் பொங்கி இரண்டு மடங்கு தடிப்பாகிவிட்டன, முதுகுப் பக்கத்தைத் தட்டினால் இன்றைக்கும் மணல் உதிரும். எங்கள் பிறந்த நாட்களை அம்மா முன்பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தார், அது கரைந்து ஒரு மேகம் மாதிரி நிற்கிறது. அதை வாசிக்க முடியாது, எறியவும் முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டவுனில் ஒரு கடையில்தான் வாங்கினேன். பெயர் போடவில்லை, ஏனென்று கீழே வரும். மூன்று அளவுகள் இருந்தன, மேலே இருந்த மிகப் பெரியதை இறக்கச் சொன்னேன். கண்ணாடித் தாளைப் பிரிக்காமல் விற்பதுதான் வழக்கமாம். பிரிக்காமல் நான் எப்படிப் பார்ப்பது தம்பி, சேலையைக் கூட விரித்துக் காட்டித்தானே விற்கிறார்கள் என்றேன். பிரித்தான். சங்கீதம் 119ஐத் திறந்தேன், 176 வசனங்கள், பக்கம் பக்கமாக ஒரே மாதிரி ஓடும், கண்ணுக்குச் சோதனை வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. கண்ணாடியைக் கழற்றியும் வாசிக்க முடிந்தது. வீட்டுக்கு வந்து அடிமட்டத்தால் அளந்தேன், அம்மாவின் புத்தகத்தில் ஒரு ககரம் இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லை, இதில் நாலு.

எழுத்து விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுதான் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கியவர்கள் பக்கத்தைப் பழையபடி இரண்டு பத்தியாகவே விட்டுவிட்டார்கள். பத்தி ஒடுக்கம், எங்கள் மொழியில் சொற்கள் நீளம், வேதாகமப் பெயர்கள் அதைவிட நீளம். எரேமியாவில் "நேபுகாத்" ஒரு வரியில் முடிகிறது, "நேச்சார்" அடுத்த வரியில் தொடங்குகிறது. தனியாக வாசித்தால் பரவாயில்லை, சபைக்கு முன்னால் நின்று வாசிக்கும்போது ராஜாவை இரண்டாக வெட்டிவிடுவோம். முதல்நாளே பார்த்து வைக்க வேண்டும். அப்புறம் இயேசு பேசுகிற இடங்கள் சிவப்பு மையில். பகலில் அழகு, கரண்ட் போன இரவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு மட்டும் மங்கிப் போகிறது, முக்கியமான ஆளின் பேச்சே தெரிவதில்லை. தாள் மெல்லியது, பின்பக்கத்து எழுத்து லேசாக ஊடு தெரியும், மார்க்கர் பேனையால் கோடு போட்டால் மறுபக்கம் ஊறும், கலர் பென்சில்தான் சரி. நாடா ஒன்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய ஏற்பாட்டுக்கு ஒன்று புதியதற்கு ஒன்று என்று இரண்டு வேண்டாமா?

நிறை எவ்வளவு என்று முன்வீதிப் பலசரக்குக் கடையில் பருப்பு நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன், இரண்டு கிலோவுக்கு எண்பது கிராம் குறைவு. படுத்துக்கொண்டு வாசிக்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம், நித்திரை வந்து கை தளர்ந்தால் மூக்கு போய்விடும்.

கடைச் சண்டையையும் சொல்ல வேண்டும். வாங்கிய மூன்றாம் நாள் யோபுவை வாசித்துக்கொண்டு போகிறேன், அவருடைய சிநேகிதர் ஒருவர் ஏற்கெனவே சொன்னதையே திரும்பச் சொல்கிறார். யோபுவின் சிநேகிதர்கள் அப்படித்தான் என்று மேலே போனேன். பிறகுதான் பக்க இலக்கத்தைப் பார்த்தால் 32 பக்கங்கள் இரண்டு தரம் கட்டப்பட்டு, அடுத்து வர வேண்டிய 32 பக்கங்கள் இல்லவே இல்லை. கொண்டுபோனால், திறந்த புத்தகத்தை மாற்ற மாட்டோமாம். திறந்தால்தானே பக்கம் இல்லை என்று தெரியும்? அரை மணித்தியாலம் பேச்சு, கடைசியில் முதலாளியம்மா உள்ளே இருந்து வந்து ஒரு வார்த்தை பேசாமல் வேறொன்றை எடுத்துத் தந்தார். பிழை அச்சடித்தவர்களுடையது, கடையுடையது அல்ல, அதனால்தான் பெயர் போடவில்லை. ஆனால் நீங்கள் எங்கே வாங்கினாலும் கடையிலேயே நின்று பக்க இலக்கத்தை ஒரு ஓட்டம் ஓட்டிவிடுங்கள். பொன் பூசிய விளிம்பு புதிதில் ஒட்டிக்கொண்டிருக்கும், பொறுமை வேண்டும்.

மொழிபெயர்ப்பு 1871இல் வந்த அதே பழைய மொழிபெயர்ப்புத்தான், எங்கள் பக்கத்துச் சபைகள் பெரும்பாலும் இதையே வாசிக்கின்றன. தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகியது 1715இல், அதிலிருந்து இதுவரைக்கும் எத்தனை பேர் எத்தனை தரம் திருத்தியிருப்பார்கள். எங்கள் ஊருக்கு முதல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்தது 1814இல், இப்போது நாங்கள் மனப்பாடமாகச் சொல்கிற வசனங்கள் பலவும் இந்த வடிவில் அப்போது இல்லை. காந்தி பூங்காவுக்குப் பக்கத்து மட்டக்களப்பு வாயிலில்தான் அவர் வந்திறங்கினார் என்று சொல்வார்கள். அடுத்த வருஷமே இறந்துபோனார். ஒரு வருஷம் கூட முழுதாகக் கிடைக்காத ஆள் அதற்குள் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கியிருக்கிறார், நான் ஓய்வு பெற்று நாலு வருஷமாகப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயிலைக் கடந்து போகும்போதெல்லாம் கொஞ்சம் உறுத்தும்.

உறையை இழுத்து மூடுகிற சிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுப் புத்தகத்திலும் மிக மோசமான பகுதி அது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, எங்கள் ஊர்ச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்துபோனவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மனம் வரவில்லை. அதற்குப் பிறகு பெருநாள் ஆராதனைகளுக்குப் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போய்ப் பழகிவிட்டோம், இவ்வளவு பெரிய சிப் வைத்த பொதியோடு வருகிறவனை யாரும் பார்க்காமல் விடமாட்டார்கள், விடவும் கூடாது. நத்தாருக்கு நான் போன நேரம் சிப் அசையவில்லை. கல்லடி உப்புக் காற்றில் நாலு மாதத்தில் பச்சை பிடித்துவிட்டது. வாசலில் நின்ற பொலிஸ் தம்பி இழுக்கிறார், நான் இழுக்கிறேன், பின்னால் வரிசை நீளுகிறது, கடைசியில் அவர், "விடுங்க ஐயா, நீங்க போங்க" என்றார். இல்லை தம்பி, திறந்து பார்த்துவிட்டே அனுப்புங்கள் என்று நான்தான் நின்றேன். மெழுகுதிரித் துண்டு ஒன்றை எடுத்துப் பல் நீளத்துக்குத் தேய்த்தால் ஓடும் என்று பின்னால் நின்ற ஒரு அக்கா சொன்னார், நத்தார் ஆராதனையில் மெழுகுதிரிக்கா பஞ்சம், அந்த இடத்திலேயே தேய்த்தோம், ஓடியது. இப்போது சட்டைப் பையில் ஒரு துண்டு எப்போதும் இருக்கும்.

இனி, வாங்கியதால் என்ன நடந்தது என்பது. என் பெயர் மறுபடியும் அட்டவணையில் ஏறியது. சில மாதம் கழித்து அதே ஏசாயா 40 எனக்கே வந்தது, தற்செயலா அட்டவணை போடுகிறவரின் குறும்பா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கழுகு வருகிற இடத்துக்கு ஒரு வசனம் முன்னாலேயே இரண்டாவது வாங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. கழுகு கழுகாகவே பறந்தது. சின்னவனுக்கு ஏமாற்றம்.

அதைவிடப் பெரிய காரியம் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது. ஒரு பெத்தா, 84 வயது, இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடுதான். கத்தோலிக்கர், ஆயித்தியமலை சதாசகாய மாதா திருவிழாவுக்கு நடந்தே போய் வந்த ஆள். நான் புத்தகத்தோடு போவதை யன்னலால் கண்டுவிட்டு, "என்ன மனே அது, அரிசி மூட்டையா?" என்று கூப்பிட்டார். உள்ளே போய் ஒரு சங்கீதம் வாசித்தேன். "கர்த்தர் வேணாம் மனே, ஆண்டவர் எண்டு வாசி. எங்கட புத்தகத்தில அப்பிடித்தான்." 1995இல் வந்த திருவிவிலியம் அவர்களுடையது. எங்களுக்குச் சங்கீதம், அவர்களுக்குத் திருப்பாடல். எங்களுக்கு யாத்திராகமம், அவர்களுக்கு விடுதலைப் பயணம். பிரசங்கி புத்தகத்தில் சாலொமோன் எங்களிடம் எல்லாம் மாயை என்கிறார், பெத்தாவிடம் எல்லாம் வீண் என்கிறார். எனக்கு 66 புத்தகங்கள், அவருக்கு 73, அதிலும் எனக்கு ஏழு குறைவு என்று நக்கல் வேறு.

இப்போது புதன்கிழமைதோறும் பின்னேரம் நாலு மணிக்கு அங்கே நிற்பேன். 136ஆம் சங்கீதம் அவருக்கு மிகப் பிடித்தது. 26 வசனங்கள், ஒவ்வொன்றும் ஒரே வார்த்தைகளில் முடியும். நான் கிருபை என்று முடிப்பேன், கண்ணை மூடிக்கொண்டே அவர் பேரன்பு என்று திருத்துவார். 26 தரமும் திருத்துவார், ஒன்றையும் விடமாட்டார், நானும் விட்டுக்கொடுப்பதில்லை. அவருடைய மருமகள் குசினிக்குள் இருந்து சிரிப்பாள். விசுவாசித்தால் சந்தோஷம் வரும் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், கடைசி வாங்கில் இருந்த காலத்திலும் கேட்டேன், தலையும் ஆட்டினேன். எனக்கு அது வந்தது புதன்கிழமை மூன்றரைக்கு முகம் கழுவிச் சட்டை மாற்றும்போதுதான். கிழமையில் இப்போது இரண்டு சட்டை அயன் பண்ணுகிறேன்.

முழு வேதாகமத்தையும் வாசித்து முடிக்கிற திட்டமும் ஒன்று போட்டேன். 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று என்றால் 397 நாள், கிளார்க் புத்தி போகுமா. வாங்கி ஒரு வருஷம் ஆகப் போகிறது, எரேமியாவில் நிற்கிறேன். நேபுகாத்நேச்சார் விடுகிறார் இல்லை.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். எழுத்துக்கும் தையலுக்கும் முழுப் புள்ளி (பசையால் ஒட்டியது அல்ல, நூலால் தைத்தது, நடுவில் விரித்தால் மேசையில் தட்டையாகப் படுக்கிறது), வெட்டிய ஒன்று முழுவதும் சிப்புக்கே. இதே அளவு எழுத்தில் திருவிவிலியம் பெத்தாவுக்கு ஒன்று தேடுகிறேன், மருமகளும் இடைநாட்களில் வாசித்துக் காட்டலாம். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சிப் வைத்தது வேண்டாம்.