மெக்சிகோவின் புவெப்லா: ஊருக்கு ஐந்து, சாப்பாட்டுக்கு மூன்றரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே கிளம்பிவிடலாம். தனியாகப் போய், அவசரமில்லாமல் நடந்து, கண்ட இடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு வர புவெப்லாவுக்கு 5க்கு 5. ஹலால் பார்ப்பதால் வெளியூரில் இறைச்சியையே தொடாமல் சைவமாகச் சாப்பிடுகிற என்னைப் போன்ற ஆளுக்கு, சாப்பாட்டில் 5க்கு 3.5. அந்த ஒன்றரை எங்கே போனது என்பதைத்தான் கீழே நீட்டி முழக்கியிருக்கிறேன்.

போகும் வழியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து மெக்சிகோவுக்கு நேரடி விமானம் இல்லை. தோக்கியோ வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ போகலாம். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் எஸ்டா என்கிற இணையவழிப் பயண அனுமதி வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு மெக்சிகோ விசா கேட்பதில்லை, 180 நாள்வரை தங்க விடுவார்கள். மெக்சிகோ நகர விமான நிலையத்திலிருந்தே புவெப்லாவுக்கு நேரடிப் பேருந்து உண்டு, போக்குவரத்து நெரிசல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம்தான். நேர வித்தியாசம் 14 மணி. அங்கே நான் காலைப் பசியோடு எழும்போது இங்கே உம்மா இஷா தொழுகையை முடித்துவிட்டு "என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்பார், தினமும் அதே கேள்வி, சில நாள் பதில் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஊர் எப்படி? 1531இல் ஸ்பானியர்கள் புதிதாகக் கட்டிய நகரம், அதனால் தெருக்கள் எல்லாம் கட்டம் கட்டமாக நேராக ஓடுகின்றன. கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களுக்கு, நடுச் சதுக்கத்துக்கு வடக்கே இரட்டை எண், தெற்கே ஒற்றை எண், கிழக்கு என்றால் ஓரியென்தே, மேற்கு என்றால் போனியென்தே. இதை ஒருமுறை மண்டையில் ஏற்றிக்கொண்டால் கைப்பேசி வரைபடமே வேண்டாம், தனியாக நடக்கிற பெண்ணுக்கு இது பெரிய நிம்மதி, ஏனென்றால் தெருமுனையில் நின்று திருதிருவென்று விழிக்க வேண்டியதில்லை. வீட்டு முகப்புகளில் தலவேரா என்கிற வண்ண மெருகு ஓடுகள், நீலம், மஞ்சள், செங்கல் சிவப்பு. பழைய நடுப்பகுதி முழுவதும் 1987 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் என்பதால் முதல் நாளில் படியேறும்போது மூச்சு வாங்கும், இரவில் குளிரும். சிங்கப்பூர் மெல்லிய சட்டைகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போகாதீர்கள்.

சும்மா உட்கார இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. சதுக்கத்து மரநிழல், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்கள், அங்கே ஒரு காபியை வைத்துக்கொண்டு அரை நாளை ஓட்டலாம், எழுந்து போ என்று யாரும் பார்வையால் துரத்துவதில்லை. அப்புறம் பலாஃபோக்ஸியானா நூலகம். 1646இல் ஆயர் பலாஃபோக்ஸ் தன்னுடைய 5,000 புத்தகங்களைக் கொடுத்து, படிக்கத் தெரிந்த எவரும் வந்து படிக்கலாம் என்று திறந்துவிட்டது. மூன்றடுக்கு மர அலமாரிகள், இப்போது 45,000 புத்தகங்களுக்கு மேல். தொட விடமாட்டார்கள், சரி, அந்த மர வாசனைக்காகவே போகலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும். அம்பாரோ அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அதன் மொட்டைமாடிக் காப்பிக்கடையிலிருந்து பேராலயக் கோபுரங்கள் நேர் எதிரே தெரியும். இரண்டுக்கும் கிழமையை மாற்றிப் போய் வாசலில் நிற்காதீர்கள்.

நம் ஆட்கள் கட்டாயம் எட்டிப்பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் சுற்றுலாக் கூட்டம் அதிகம் கவனிப்பதில்லை. சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே இயேசு சபையின் லா கொம்பாஞியா தேவாலயம். கத்தரீனா தே சான் ஹுவான் என்ற பெண் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இந்தியாவில் பிறந்து, சிறுவயதில் போர்த்துக்கீசியக் கடற்கொள்ளையர்களிடம் சிக்கி, கொச்சி வழியாக மணிலாவுக்கும் அங்கிருந்து கப்பலில் மெக்சிகோவுக்கும் அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். 1688இல் புவெப்லாவில் இறந்தபோது ஊரே புனிதவதி என்று கொண்டாடியது. மெக்சிகோப் பெண்களின் புகழ்பெற்ற பூவேலைப் பாவாடை உடையை அவர்தான் கொண்டுவந்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள், வரலாற்றாசிரியர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. உடை யாருடையதாக இருந்தாலும் சரி, 400 வருடத்துக்கு முன்னால் விருப்பமில்லாமல் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த ஒரு பெண்ணின் ஊரில் நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு உல்லாசமாகத் திரிகிறேன் என்ற நினைப்பு அங்கே நிற்கும்போது வந்தது.

சரி, சாப்பாடு.

இங்கே சிங்கப்பூரில் நாம் முயிஸ் (இஸ்லாமியச் சமய மன்றம்) கொடுக்கும் ஹலால் சான்றிதழ் சுவரில் தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்து பழகியவர்கள். புவெப்லாவின் சந்தைக் கடைகளில் அப்படி எதுவும் கிடையாது. சைவம்தானே சாப்பிடப்போகிறோம் என்று தெம்பாகக் கிளம்பினால், சிக்கல் இறைச்சியில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத இரண்டு சங்கதிகளில் இருக்கிறது: மான்தேகா என்கிற பன்றிக் கொழுப்பு, அப்புறம் கோழி வேகவைத்த சாறு. அவரைப் பயற்றை மசித்துத் தாளிப்பது பெரும்பாலும் கொழுப்பில். சிவப்புச் சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கும். தமால் என்கிற, இலையில் சுற்றி ஆவியில் வேகவைத்த சோள மாவு இருக்கிறதே, இனிப்புத் தமாலாக இருந்தாலும் மாவைக் கொழுப்போடுதான் அடித்துக் குழைப்பார்கள். ஊரின் பெருமையான மோலே குழம்பில் மிளகாய், எள், பாதாம், வாழைப்பழம், சாக்லேட் என்று கேட்கும்போதே நாவூறும். கொழுப்பில் வதக்கி வான்கோழிச் சாற்றிலோ கோழிச் சாற்றிலோ கரைப்பதுதான் வழக்கம். பாலாடைக்கட்டியை உறைய வைக்கும் பொருள் விலங்கிலிருந்து வந்ததா என்று பார்க்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம், அதை நான் அவ்வளவு தோண்டவில்லை. எதுவரை பார்ப்பது என்பது அவரவர் மார்க்க அறிவைப் பொறுத்தது, நான் ஃபத்வா கொடுக்கவில்லை.

இதில் பெரிய ஏமாற்று, தாகோஸ் ஆராபேஸ். பலகையில் அரபு என்று இருக்கும், செங்குத்துக் கம்பியில் இறைச்சி சுழன்றுகொண்டிருக்கும், சிங்கப்பூரின் கம்போங் கிளாமில் பார்த்த ஷவர்மா மாதிரியே இருக்கும், ரொட்டியைக்கூட அரபு ரொட்டி என்பார்கள். மத்திய கிழக்கிலிருந்து குடியேறியவர்கள் 1930களில் இந்த ஊரில் கொண்டுவந்த பண்டம்தான், ஆனால் கம்பியில் இருப்பது பன்றி. பெயரைப் பார்த்து ஹலால் என்று யாராவது சமூக ஊடகத்தில் எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள்.

கேட்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. "சின் கார்னே" (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் போதாது, இறைச்சியை எடுத்துவிட்டு மீதியை அப்படியே தருவார்கள். "சின் மான்தேகா, சின் கால்தோ தே போயோ" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கொழுப்பு வேண்டாம், கோழிச்சாறு வேண்டாம். எழுதி வைத்துக்கொண்டு காட்டினால் இன்னும் நல்லது. அங்குள்ளவர்கள் முகம் சுளிப்பதே இல்லை, அதற்குத் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

என்னைக் காப்பாற்றியவை தலகோயோ விற்கும் அக்காக்களின் நடைபாதைக் கடைகள். சந்தை ஓரங்களில், முக்கியமாகப் பக்கத்து ஊரான சொலூலாவில், காலையிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து அரைத்த மாவு, பாதி கடைகளில் நீலச் சோளம். ஒரு உருண்டையை உள்ளங்கையில் தட்டி, நடுவில் மசித்த பயற்றை வைத்து மூடி, இரண்டு முனையும் கூராக வரும்படி நீளமாகத் தட்டி, தோசைக்கல் மாதிரியான கோமாலில் போடுவார்கள். எண்ணெய்கூட இல்லை, வெறும் கல்லில் வேகும். ஓரம் காய்ந்து நீலம் சாம்பலாக மாறும்போது எடுத்து, மேலே வேகவைத்த சப்பாத்திக்கள்ளி மடலைக் குச்சி குச்சியாக அள்ளிப்போட்டு, வெங்காயம், உதிர்த்த பாலாடைக்கட்டி, பச்சை மிளகாய்ச் சல்சா. கள்ளி கொஞ்சம் வழவழவென்று இருக்கும், புளிப்பாக இருக்கும், இரண்டாவது தடவையிலேயே பிடித்துவிடும். பயற்றில் கொழுப்பு உண்டா என்று கேட்டேன், அந்த அக்கா பேசாமல் கீழே குனிந்து எண்ணெய் பாட்டிலை எடுத்துத் தூக்கிக் காட்டினார், அதற்குமேல் மொழி தேவைப்படவில்லை. எல்லாம் கண்ணெதிரில் நடக்கிறது என்பதுதான் இந்தக் கடைகளின் பலம், மூடிய சமையலறை உள்ள பெரிய உணவகத்தைவிட எனக்கு இது எவ்வளவோ மேல். அதே கல்லில் பூசணிப்பூ வைத்து மடித்த சோள ரொட்டியான கேசதீயாவும் கிடைக்கும், சோளக்கதிரில் வளரும் கறுப்புப் பூஞ்சை வைத்ததும் கிடைக்கும். பூஞ்சை என்றதும் ஓடாதீர்கள், நல்ல காளான் ருசி.

செமிதா என்கிற எள் தூவிய வட்ட ரொட்டியும் இந்த ஊர்ப் பிரபலம், எல் கார்மென் சந்தையில் குவித்து வைத்திருப்பார்கள். உள்ளே பொரித்த இறைச்சிதான் வழக்கம். அதை விட்டுவிட்டு நூல் நூலாகப் பிரியும் கேசீயோ பாலாடைக்கட்டி, அவகாடோ, மிளகாய் ஊறுகாய், பாப்பலோ என்கிற காட்டமான இலை மட்டும் வைத்துத் தரச் சொல்லலாம். ரொட்டி மாவில் சில பேக்கரிகள் கொழுப்பு சேர்ப்பதுண்டு, அதனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். குடிக்க செம்பருத்தி வகைப் பூவில் செய்த ஹமாய்க்கா, புளித்தண்ணீர், அரிசியும் பட்டையும் சேர்த்த ஓர்ச்சாத்தா, மூன்றுமே அருமை. ரோம்போப்பே என்று மஞ்சளாக, பாயசம் மாதிரி ஒன்று நீட்டுவார்கள், அதில் ரம் இருக்கிறது.

இனிப்புக்கு 6 ஓரியென்தே தெரு முழுக்கக் கடைகள். கமோத்தே என்ற சர்க்கரைவள்ளிக்கிழங்கு மிட்டாய் பயமில்லாமல் வாங்கலாம். சாந்தா கிளாரா தோர்த்தீத்தா என்கிற இனிப்பின் பிஸ்கட் அடித்தட்டில் கொழுப்பு சேர்ப்பதுண்டு, மேலே பூசணி விதைப் பசை எவ்வளவு அழகாக மின்னினாலும் கேட்காமல் வாயில் போடாதீர்கள். இரண்டொரு கடைகளில் என் முக்காட்டைப் பார்த்துவிட்டு "மாத்ரே" என்று கன்னியாஸ்திரியை அழைப்பதுபோல மரியாதையாக அழைத்தார்கள், கன்னிமாடங்கள் நிறைந்த ஊர், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் திருத்தவில்லை. ஒரு துண்டு கூடுதலாகவே கிடைத்தது.

இனி அந்தக் குறைந்த ஒன்றரை. அரை மதிப்பெண் இரவுச் சாப்பாட்டுக்கு: கோமால் கடைகள் பலவும் மாலைக்குள் மூடிவிடும், அதற்குமேல் திறந்திருப்பவை பெரும்பாலும் கறிக்கடைகளும் மதுக்கூடங்களும். நான் மதியமே இரண்டு தலகோயோ பொட்டலம் கட்டிவிடுவேன், இரவுக்குப் பழமும் தயிரும். மீதி ஒரு மதிப்பெண்ணைத் தின்றது, முன்பதிவு செய்திருந்த ஓர் உணவுச் சுற்றுலா. பெயர் வேண்டாம். சைவம், கொழுப்பு கூடாது, கோழிச்சாறு கூடாது என்று முன்கூட்டியே எழுதி, சரி என்று பதிலும் வாங்கியிருந்தேன். சூப்பை முன்னால் வைத்துவிட்டு, கேட்டபிறகு, "கோழித்துண்டு இல்லையே, தண்ணீர்தானே" என்கிறார் வழிகாட்டி. பணத்தைத் திருப்பிக் கேட்டால் அடுத்த சுற்றுலாவுக்குத் தள்ளுபடி தருகிறார்களாம். அடுத்த சுற்றுலாவில் மட்டும் கோழி குளிக்காமல் வருமா?

தங்க, முற்றம் வைத்த பழைய வீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், அவற்றையே பாருங்கள். தெருப்பக்க அறை வேண்டாம், தேவாலய மணி ஒருபுறம், வாணவேடிக்கை ஒருபுறம் என்று தூக்கம் போய்விடும். முற்றத்துப் பக்கம் கேளுங்கள். கிப்லா வடகிழக்கு, சிங்கப்பூரில் மேற்கு பார்த்தே தொழுது பழகியவர்கள் அறைக்குள் நுழைந்ததும் திசையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் மழை, காலையில் சுற்றிவிட்டு மதியம் குட்டித்தூக்கம் போடுகிறவர்களுக்கு அது தொந்தரவே இல்லை. வானம் தெளிவாக இருக்கும் காலைகளில் புகைந்துகொண்டிருக்கும் போப்போகாதேபெட் எரிமலை தெரியும். ஊர் திரும்பும்போது மோலே பசை வாங்கினால் பொட்டலத்தில் மான்தேகா என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், தாவர எண்ணெயில் செய்ததும் விற்கிறார்கள். வீட்டில் காய்கறி வேகவைத்த நீரில் கரைத்தால் முழு மோலேயையும் நிம்மதியாகச் சாப்பிடலாம். ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா என்று லாத்தா கேட்டாள், அவளைப் போலக் கேட்கப்போகிறவர்களுக்கும் இதே பதில்: அங்கே 127 வோல்ட், தட்டையான இரண்டு முள் செருகி, நம் 230 வோல்ட் குக்கரில் அரிசி ஊறுமே தவிர வேகாது.