கேள்வி நேரமும் கருமபீடமும்: கொழும்பில் ஓர் ஓய்வூதியக் கோவையின் பின்னால்

2025 ஓகஸ்டில் கொழும்புக்குப் போயிருந்தபோது, அரச அலுவலகங்களின் வாங்குகளில் காத்திருந்து அறிந்துகொண்டதைவிட, வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் பாராளுமன்றக் கேள்வி நேரத்தைப் பார்த்து அறிந்துகொண்டது கூடுதல் என்று சொன்னால் ரொறன்ரோ நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுடைய நினைவில் இலங்கைப் பாராளுமன்றம் என்பது 2018 நவம்பரில் சபைக்குள் மிளகாய்த்தூள் வீசப்பட்ட காட்சியோடு நின்றுவிட்டது. சின்னம்மாவோ ஓய்வு பெற்ற ஆசிரியை. காலை 9.30 மணிக்குச் சபை கூடும் நாட்களில் வீட்டு வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு அமர்ந்துவிடுவார். அவருக்கு அதில் சொந்த அலுவல் ஒன்று இருந்தது.

அவர் மேல் மாகாணத்திலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றிலிருந்து 2016 இல் ஓய்வு பெற்றவர். அரச ஊழியர்களின் அடிப்படைச் சம்பளம் அந்த ஆண்டு தொடங்கி 2020 வரை கட்டம் கட்டமாக உயர்த்தப்பட்டது. ஓய்வூதியமோ கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆகவே அந்த இடைக்காலத்தில் விலகியவர்கள், ஒரே தரத்தில் ஒரே வேலையைச் செய்து சில ஆண்டுகள் பிந்தி விலகியவர்களைவிடக் குறைந்த தொகையில் நின்றுவிட்டார்கள். ஓய்வூதிய முரண்பாடு என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். நிதி அமைச்சையும் தம்மிடமே வைத்திருக்கும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025 பெப்ரவரி 17 ஆம் திகதி சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம், 2020 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியம் 2025, 2026, 2027 ஆகிய ஆண்டுகளின் ஜூலை மாதங்களில் மூன்று கட்டமாகத் திருத்தப்படும் என்று அறிவித்தது. நான் போய் இறங்கியபோது முதற்கட்டத் தொகை சின்னம்மாவின் வங்கிக் கணக்குக்கு வந்திருந்தது. வந்த தொகை சரியானதா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

கேள்வி நேரத்தைத் தொடர்ந்து பார்த்தால் அதன் ஒழுங்கு விளங்கும். வாய்மூல விடைக்கான வினாக்கள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டு, அன்றைய அலுவல்களின் பட்டியலான ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகின்றன. ஒவ்வொரு வினாவும் உட்பிரிவுகளாகக் கிளைத்து, எத்தனை பேர், எவ்வளவு தொகை, எந்தத் திகதி, இல்லையெனில் ஏன் என்று நீளும். அமைச்சர் எழுந்து எழுதிய பதிலை வாசிப்பார், அல்லது பதில் நீளமானது என்பதால் சபாபீடத்தில் சமர்ப்பிப்பதாகச் சொல்வார், அல்லது கால அவகாசம் கேட்பார். எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவும் ஏனைய கட்சித் தலைவர்களும் சபை நடவடிக்கை விதியான நிலையியற் கட்டளை 27(2) இன் கீழ் பொது முக்கியத்துவம் வாய்ந்த விடயங்களை எழுப்புவது இதிலிருந்து வேறான வழி. அங்கே கேள்வியே ஓர் உரையாக இருக்கும். செய்திகளில் பெரும்பாலும் இடம்பிடிப்பதும் அதுவே.

என்னைக் கவர்ந்தது அந்த உரைகள் அல்ல, மேலதிக வினாக்கள். அமைச்சர் வாசிக்கும் பதிலைத் தயாரிப்பவர் திணைக்களத்தில் இருக்கும் உத்தியோகத்தர். அதாவது அலுவலகக் கருமபீடத்தில் (கவுண்டரில்) நமக்குக் கிடைக்கும் அதே பதில்தான், சற்று மெருகேற்றப்பட்டு, தியவன்னா ஓயாவின் நடுவே ஜெப்ரி பாவா வடிவமைத்த அந்த மண்டபத்தில் ஒலிக்கிறது. உறுப்பினர் மேலதிக வினா ஒன்றை எழுப்பும்போதுதான் பதில் சொல்பவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்த வேண்டியிருக்கிறது. விடயத்தைத் தாமே படித்தவரா, வாசிக்க மட்டும் வந்தவரா என்பது அந்த ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். ஆனால் அந்த நிமிடத்தை எதிர்க்கட்சி வீணாக்குவதையும் பார்த்தேன். மேலதிக வினா கேட்கக் கிடைத்த வாய்ப்பில் முன்னைய ஆட்சியையும் இன்றைய ஆட்சியையும் ஒப்பிட்டுப் பேசிவிட்டு அமர்ந்தால், அரச தரப்பும் அதே பாணியில் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ளும். 225 ஆசனங்களில் 159 ஐ வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு வாக்கெடுப்பில் பயம் இல்லை. அதை வருத்தக்கூடியது நுணுக்கமான கேள்வி மட்டுமே.

ஆசிரியரின் ஓய்வூதியம் பற்றிக் கேட்க வேண்டுமானால் யாரைக் கேட்பது என்பதே ஒரு சிக்கல். பிரதமர் ஹரிணி அமரசூரிய கல்வி அமைச்சராகவும் இருக்கிறார். திறந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர் என்பதால் ஆசிரியர்கள் அவரிடம் உரிமையோடு எதிர்பார்க்கிறார்கள். ஆனால் ஓய்வூதியத் திணைக்களம் பொது நிருவாக அமைச்சின் கீழ் வருகிறது, பணத்தை ஒதுக்குவது நிதி அமைச்சு. கல்வி அமைச்சரைக் கேட்டால், இது தமக்குரிய விடயம் அல்ல என்று அவர் சொல்வது பொய்யாகாது, மற்ற இருவருக்கும் அது அப்படியே பொருந்தும். இதற்கும் மேலே, சின்னம்மா படிப்பித்தது மாகாண சபைக்குரிய பாடசாலையில். ஒன்பது மாகாண சபைகளில் எதிலும் 2019 க்குப் பிறகு தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. நிருவாகம் ஆளுநர்களின் கையில் நடக்கிறது. மாகாண ஆசிரியரின் சேவைக் கோவையைப் பற்றி எழுந்து கேட்பதற்கென இருந்த சபையே இல்லாதபோது, எல்லாக் கேள்விகளும் பாராளுமன்றம் இருக்கும் கோட்டேயை நோக்கிப் போகின்றன, அங்கே அவை மூன்றாக உடைகின்றன. அரச சேவை பற்றிய விவாதங்களில் இந்த வெற்றிடம் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் கருத்து.

இனி, அலுவலகம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. திருத்தம் பற்றிச் சின்னம்மாவுக்கு வந்த கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தர் மரியாதையானவர், வயதான பெண் நிற்கிறார் என்று கதிரையைத் தாமே இழுத்துப் போட்டவர். கணினியைத் தட்டிப் புதிய தொகையைச் சொன்னார். அது எப்படி வந்தது, எந்தச் சம்பளப் படியில் வைத்துக் கணித்தார்கள், எத்தனை சம்பள ஏற்றங்கள் சேர்க்கப்பட்டன என்று கேட்டதற்கு, கணிப்பு கணினி முறைமையிலேயே நடக்கிறது, அதைத் தாளில் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார். அவருக்குத் தமிழ் வராது, சின்னம்மாவின் சிங்களம் சம்பள அளவுத்திட்டம் வரை போகாது, என்னுடையது பேருந்து நடத்துநரோடு முடிந்துவிடும். உள்ளிருந்து பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவரை அழைத்து மொழிபெயர்த்தார்கள். அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைத் தருகிறது. 2007 ஜூலைக்குப் பின் சேவையில் சேர்ந்தவர்கள் குறித்த காலத்துக்குள் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கையும் அந்த ஆண்டிலிருந்தே இருக்கிறது. எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்ற கேள்விக்குச் சபையில் எண் ஒன்றைச் சொல்லிவிடலாம். அவர்களில் எத்தனை பேர் கருமபீடத்தில் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டால்தான் பதில் சொல்பவர் தடுமாறுவார்.

“இவ்வளவு நாளும் பார்லிமென்ற் பார்க்கிறன் தம்பி, கணக்குத் தாளைக் குடுக்க ஏலாதோ எண்டு ஒருத்தரும் கேட்கயில்லை” என்று ஓட்டோவில் வரும்போது சின்னம்மா சொன்னார். நான் பார்த்த அமர்வுகளிலும் அப்படித்தான். எதிர்க்கட்சி மொத்த ஒதுக்கீடு எவ்வளவு என்று கேட்டது, அரசாங்கம் மொத்தத்தைச் சொன்னது. மொத்தத் தொகையில் இரு தரப்புக்கும் அரசியல் இருக்கிறது, தனி ஒருவரின் கணக்கில் அது இல்லை. கனடாப் பாராளுமன்றம் இருக்கும் ஒட்டாவாவிலும் கேள்வி நேரம் பெரும்பாலும் நாடகம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் அங்கே உறுப்பினர் எழுத்துமூல வினாவுக்கு 45 நாட்களுக்குள் பதில் கோரலாம், கொறடாக்கள் கவனிக்காத சிறு விடயங்கள் அந்த வழியாகவே வெளியே வருகின்றன.

இலங்கையில் அதற்கு இணையான, என் பார்வையில் அதைவிடக் கூர்மையான வழி ஒன்று பொதுமக்களின் கையிலேயே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்குப் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம். இந்த உரிமை குடிமக்களுக்கானது என்பதை வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். கணக்குத் தாளைக் கேட்கும் விண்ணப்பத்தை நான் எழுதினேன், கையொப்பமிட்டவர் சின்னம்மா. தமிழிலேயே எழுதினோம், தமிழிலேயே பதில் வேண்டும் என்றும் குறிப்பிட்டோம்.

நல்லவையும் உண்டு. 2025 பெப்ரவரியில் தொடங்கிய கவ்பே (GovPay) என்ற இணையவழிக் கட்டண முறை வழியாகச் சில அரச கட்டணங்களைக் கைத்தொலைபேசியிலேயே செலுத்த முடிகிறது. 2024 இல் வெற்றுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து பத்தரமுல்லவில் மக்கள் இரவிரவாகக் கடவுச்சீட்டுக்காக நின்ற வரிசையையும் இப்போது காணவில்லை என்று அண்ணன் மகன் சொன்னான். அந்த வரிசை பலமுறை சபையில் பேசப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் வரிசைக்குக் கேள்வி கேட்க ஆள் இருக்கும். வீட்டுக்கு வந்துசேர்ந்த பிழையான கணக்குக்கு வரிசை கிடையாது.

நான் கனடா திரும்பிய பின் பதிவுத் தபாலில் கணக்குத் தாள் வந்தது. தமிழில்தான். சின்னம்மா அதை ஸ்கேன் செய்து அனுப்பினார். இருவரும் தொலைபேசியில் வரி வரியாகப் பார்த்ததில், ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டின் சம்பள ஏற்றம் சேர்க்கப்படவில்லை என்று தெரிந்தது. திருத்தக் கோரிக்கை மாகாணக் கல்வித் திணைக்களத்திலிருந்து உறுதிப்படுத்தல் கடிதம் பெற்று வர வேண்டிய கட்டத்தில் இப்போது நிற்கிறது. தொகை பெரிதல்ல. ஆனால் 2026, 2027 ஆகிய இரண்டு கட்டங்களும் இதே அடிப்படையின் மேல்தான் ஏறும்.

கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குச் சின்னம்மா கடிதம் எழுதியிருக்கிறார். ஒழுங்குப் பத்திரத்தின் நடையை அவர் நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டார். முதற்கட்டத் திருத்தம் பெற்ற ஓய்வூதியர்களில் எத்தனை பேருக்குக் கணிப்பு விபரம் எழுத்தில் வழங்கப்பட்டது என்பதையும், அது எந்த மொழியில் வழங்கப்பட்டது என்பதையும், வழங்கப்படாதவர்களுக்கு 2026 ஜூலைக்கு முன் வழங்கப்படுமா என்பதையும், இல்லையெனில் ஏன் என்பதையும் பொது நிருவாக அமைச்சர் இச்சபைக்கு அறிவிப்பாரா?