வீடெடுத்துத் தங்கிய தூதர்: மிலானா, வெனிசா?

தூதரகம் என்ற ஏற்பாடு எங்கே தொடங்கியது என்று கேட்டால், 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடும். ஒன்று மிலான், மற்றது வெனிஸ்.

அதுவரை தூதர் என்பவர் போவார், பேசுவார், திரும்பிவிடுவார். அயலூரிலேயே வீடெடுத்து ஆண்டுக்கணக்கில் தங்கியது புதுப் பழக்கம். மிலானில் அது பயத்திலிருந்து பிறந்தது என்பேன். 1450இல் அங்கே டியூக், அதாவது ஆட்சியாளர், ஆன பிரான்செஸ்கோ ஸ்போர்ஸா ஒரு கூலிப்படைத் தலைவர். பரம்பரை உரிமை கிடையாது, புனித ரோமானியப் பேரரசரின் அங்கீகாரமும் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்து அரசுகளில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் அவரால் நிம்மதியாகத் தூங்க முடிந்திருக்காது. பதவிக்கு வருமுன்பே, 1446இல், நிக்கோதெமோ திராங்கெதினியைப் புளோரன்சுக்கு அனுப்பிவிட்டார். திராங்கெதினி சுமார் 20 ஆண்டுகள் அங்கேயே இருந்து, புளோரன்சைப் பின்னணியிலிருந்து ஆண்ட கோசிமோ தெ மெடிச்சிக்கும் நெருக்கமானார். தூதன், ஒற்றன் இரண்டும் அவர் ஒருவரே. மிலானில் கடிதங்களைக் கவனித்த சிக்கோ சிமோனெத்தா, சங்கேத எழுத்தை உடைக்கும் விதிகளை 1474இல் எழுதியே வைத்தார்.

வேகமும் துணிச்சலும் மிலானுக்கு. ஆனால் எல்லாம் டியூக் என்ற ஒற்றை ஆணியில் தொங்கின. 1476இல் அடுத்த டியூக் கொலையுண்டார். 1480இல் சிமோனெத்தாவின் தலை போனது. 1499இல் பிரெஞ்சுப் படை ஊரையே பிடித்தது.

வெனிஸ் வேறு ரகம், வணிகர்களின் குடியரசு. தூதர் வாங்கும் பரிசுகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே சட்டம். பதவி சில ஆண்டுகளுக்குத்தான். அந்நிய மண்ணில் வேர்விட்டுவிடக் கூடாதே! திரும்பியதும் செனட் முன் 'ரெலாட்சியோனே' என்ற அறிக்கை வாசிக்க வேண்டும். போன நாட்டின் அரசர் எப்படிப்பட்டவர், படை எவ்வளவு, வருமானம் என்ன, யார் சொல் எடுபடுகிறது எல்லாம் அதில் இருக்கும். 1515 முதல் 1519 வரை லண்டனில் இருந்த செபாஸ்தியானோ ஜுஸ்தினியான், இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியையும் நாட்டையும் உண்மையில் ஆள்பவர் அவருடைய தலைமை அமைச்சரான கார்டினல் வோல்சிதான் என்று போட்டுடைத்தார். அடுத்து போகும் தூதர் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முன்னவரின் அறிக்கையிலிருந்து தொடங்கலாம்.

(ஒட்டோமான் பேரரசு மூன்றாவது வழி: எல்லோருடைய தூதரையும் இஸ்தான்புல்லில் வரவேற்றது, தன் நிரந்தரத் தூதரை 1793 வரை எங்கும் அனுப்பவில்லை. வலிமை இருந்தவரை அது செல்லுபடியானது.)

தங்கும் தூதரைப் பிரபலமாக்கிய பெருமையை மிலானுக்கே தருகிறேன். ஆனால் இன்றைய வெளியுறவு அமைச்சகத்தின் கோப்பு அறைக்குள் நுழைந்தால் எனக்கு வெனிஸ் வாசனைதான் அடிக்கிறது. ஒரு குறை உண்டு. மூடிய சபையில் வாசிக்கப்பட்ட அந்த அறிக்கைகளின் பிரதிகள் எப்படியோ வெளியே கசிந்து விலைக்குப் போயின. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ராங்கே அவற்றைத் தேடித் தேடிப் படித்தார்.