கண்ணுக்குப் போடும் சிப்பி: நாலு வருடப் பாவனை

மட்டக்களப்பில் சின்னத் தோல் கிளினிக் ஒன்றில், லேசர் செய்யும் டொக்டருக்கு உதவியாக நாலு வருடமாக வேலை செய்கிறேன். முகத்து முடியை எடுக்க 808 நனோமீற்றர் அலைநீள டயோட் லேசர், கரும்புள்ளிக்கு 1064 என்டி யாக் லேசர். நோயாளியின் கண்ணுக்கு அதிகம் போட்டது உருக்குக் கவசம்தான். ரெண்டு சின்னக் கிண்ணம், நடுவில் மூக்குப் பாலம், பின்னால் ரப்பர் பட்டி. எங்களுக்குள் அதற்குப் பெயர் சிப்பி.

"தங்கச்சி, கண்ண மூடிக்கொண்டுதானே படுத்திருக்கன், இது என்னத்துக்கு?" என்று கேட்காதவர்கள் குறைவு. 1064 கண்ணுக்குத் தெரியாத ஒளி; மெல்லிய இமையையும் கடந்து விழித்திரைக்குப் போகக்கூடியது. இன்னொன்று, கண்ணை இறுக்கி மூடினால் விழி மேல்பக்கம் உருளும். அப்போது கதிராளி, அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம், புருவத்துக்கு நேரே வந்து நிற்கும், அதிலுள்ள கறுப்பு நிறமி முடியைப் போலவே ஒளியை உறிஞ்சும். புருவத்துக்கு லேசர் செய்து கண்மணி கோணிப்போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

குறை என்றால் மூக்கோரம்தான். ஒடுங்கின முகத்துக்குப் பாலம் பொருந்தாது. அதனால் போட்டதும் அறை விளக்கை அணைத்து, நாலு பக்கமும் போன் லைட் அடித்து, "வெளிச்சம் தெரியுதா?" என்று கேட்பேன். தெரிந்தால் ஈரத் துணியைச் சுருட்டி இடைவெளியில் வைப்பேன். ஏசி அறையில் கிண்ணம் சில்லென்று இருக்கும், முன்கூட்டியே சொல்லாவிட்டால் திடுக்கிடுவார்கள்.

சிப்பிக்குப் பதிலாகக் கண் மேல் ஒட்டுகிற பட்டையையும் ஒரு வருடம் பாவித்தேன். தாடைக்கு, கன்னத்துக்குப் பரவாயில்லை. மே மாத வியர்வையில் ஓரம் கிளம்பிவிடும், கழற்றும்போது இமைமுடியும் கூட வரும். புருவப் பக்கம் என்றால் நான் அதை எடுப்பதே இல்லை.

முதல் வருடம் ஒரு பிழை விட்டேன். டயோட்டுக்கென்று இருந்த நிறக் கண்ணாடியை 1064 நாளில் நோயாளிக்கு மாட்டிவிட்டேன். அதில் 800–820, ஓடி 5 என்று அச்சடித்திருக்கிறது; முதலாவது அது தடுக்கும் அலைநீளம், ஓடி எவ்வளவு தடுக்கும் என்ற அளவு. அந்த அலைநீளத்தில் லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும், 1064-க்கு அந்தக் கணக்கு செல்லாது. டொக்டர் மெஷினைத் தொடமுன் கண்டுவிட்டார். நல்ல ஏச்சு வாங்கினேன். பார்த்து வேலை செய்கிற எங்களுக்குத்தான் நிறக் கண்ணாடி. படுத்திருப்பவருக்கு ஒளியே புகாத உருக்கு இருக்க, வேறெதற்கு?

இமை மேலேயே லேசர் என்றால் சிப்பி உதவாது. விறைப்புச் சொட்டு விட்டு, விழி மேலேயே உலோக மூடி வைக்க வேண்டும். அதை நாங்கள் செய்வதில்லை.

ஒவ்வொருவருக்கும் பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதால் ரப்பர் இறுகி வெடிக்கிறது. பட்டியை மூன்று தரம் மாற்றியாயிற்று, கிண்ணம் முதல் நாள் வாங்கினதுதான்.