வேப்பிலை, வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டைச் சாறு: எது எதற்கு?

வேம்பு நல்லதா, நஞ்சா என்று கேட்டால் அதற்கு ஒரே பதில் சொல்ல முடியாது. இலை, குச்சி, எண்ணெய், கொட்டைச் சாறு என ஒவ்வொன்றும் தனிச் சரக்கு. ஒன்றில் அதிகமாக இருக்கும் பொருள் இன்னொன்றில் பேருக்குத்தான் இருக்கும். ஒன்றுக்குக் கிடைத்த நற்சான்றை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறோம். இதில் எனக்குப் பெரிய கவலை வேப்பெண்ணெய் பற்றித்தான்.

முதலில் இலை. வேப்பிலைச் சாறு கலந்த ஜெல்லைப் பல்லில் தடவி ஆறு வாரம் சோதித்த ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. பல்லில் படியும் படலமும் கிருமிகளும் குறைந்தன என்று அதில் தெரிந்தது. பல் மருத்துவர்கள் எழுதித்தரும் குளோர்ஹெக்ஸிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து வலுவானதுதான், ஆனால் தொடர்ந்து கொப்பளித்தால் பல்லில் கறை படியும். சொறி சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிய ஒரு முன்னோட்ட ஆய்வு 1992-இல் வந்தது. அதில் 814 பேரில் 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளுக்குள் குணமானது. முன்னோட்ட ஆய்வு என்பதை மறக்கக்கூடாது என்றாலும், மேலே பூசும் மருந்தாக இலை நம்பத்தக்கது என்றே எனக்குப் படுகிறது. வேப்பம்பூப் பச்சடி, ரசம் எல்லாம் உணவின் அளவில் வருபவை. அதை வைத்துக்கொண்டு தினமும் ஒரு டம்ளர் வேப்பிலைச் சாறு குடிக்கலாம் என்று முடிவுகட்டக் கூடாது. அந்த அளவுக்கு யாரும் பாதுகாப்புச் சான்று தரவில்லை.

இனி எண்ணெய். உடம்பில் பூசுவதும் உள்ளே கொடுப்பதும் ஒன்றே அல்ல. கொசுக்கடிக்கு, தேங்காயெண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசினால் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுக்கள் இரவு முழுக்கக் கடிக்கவில்லை என்று 1993-இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இது பூசும் கதை. குடிக்கக் கொடுத்த கதை மலேசியாவில் நடந்தது. அங்குள்ள இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் கைக்குழந்தைக்குச் சளி, இருமல் என்றால் வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் இருந்தது. நம் ஊர்ப் பாட்டிகள் செய்ததும் இதுதான். 1980-களின் தொடக்கத்தில் சின்னையா என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் இப்படி நஞ்சேறிய 13 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எண்ணெய் உள்ளே போன சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வேகமான மூச்சு, அப்புறம் திரும்பத் திரும்ப வலிப்பு. ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. குழந்தைகளின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி எனப்படும் அபாயகரமான நிலையை அப்படியே ஒத்திருந்ததால்தான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு விலங்குகளில் செய்த சோதனைகளில் கல்லீரல் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதி சேதமாவது தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்ததில், பாதி எலிகள் இறக்கும் அளவு ஒரு கிலோ எடைக்கு 14 மி.லி., முயல்களுக்கு 24 மி.லி. இதைப் படிப்பவர், “அவ்வளவு தேவையா, அப்போது பயமில்லை” என்றுதான் நினைப்பார். ஆனால் குழந்தைகளுக்கு 5 மி.லி. அளவே நஞ்சானதாகப் பதிவு இருக்கிறது. ஐந்து கிலோ குழந்தைக்கு அது கிலோவுக்கு 1 மி.லி. எலியின் எண்ணைக் குழந்தைக்கு எடுத்துப் போட்டால் எவ்வளவு பெரிய தவறாகும் பாருங்கள். கருவுற்ற பெண்களும் இதை உள்ளே எடுக்கவே கூடாது. விலங்குச் சோதனைகளில் வேப்பெண்ணெய் கருவைக் கலைத்திருக்கிறது. விந்தணுவை முடக்கும் இதன் குணத்தை வைத்துக் கருத்தடை முறை ஒன்றை உருவாக்கவே இந்தியாவில் முயன்றிருக்கிறார்கள். இயற்கைப் பொருள், மூன்று சொட்டு என்ன செய்துவிடும் என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேளுங்கள். சொட்டும் கரண்டியும் மாறிப்போக ஒரு நிமிடம் போதும்.

சரி, வயலுக்கு வருவோம். இங்கே வேம்புக்கு நிகர் குறைவு. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையெல்லாம் தின்றுவிட்டுப் போனபின் வேப்பமரங்கள் மட்டும் நின்றதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டெரர் பார்த்தார். 1962-இல் டெல்லியில் பிரதான் என்ற பூச்சியியலாளர் வேப்பம்பருப்புக் கரைசலைப் பயிரில் தெளித்து வெட்டுக்கிளியைத் தடுத்துக் காட்டினார். 1968-இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்ற ஆய்வாளர்கள் வேப்பங்கொட்டையில் பூச்சியைத் தடுக்கும் முக்கியப் பொருளான அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாகக் கட்டி முடிக்கக் கேம்பிரிட்ஜ் குழுவுக்கு 22 ஆண்டுகள் ஆயிற்று. 2007-இல்தான் முடிந்தது. அவ்வளவு சிக்கலான மூலக்கூறை நம் மரம் ஒவ்வொரு கோடையிலும் கொட்டைக்குள் நிறைத்து வைக்கிறது. பூச்சியின் பசியைக் கெடுத்து, தோலுரிக்க வேண்டிய ஹார்மோனைக் குழப்புவதுதான் அது செய்யும் வேலை. நமக்கும் எலிக்கும் தோலுரிப்பு இல்லாததால் சுத்தமான அசாடிராக்டின் எலிகளுக்கு, கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் கொடுத்தும் உயிரைப் பறிக்கவில்லை.

இங்கே போட்டி கொட்டைச் சாறுக்கும் கடையில் விற்கும் வேம்புப் பூச்சிமருந்துப் பாட்டிலுக்கும். கொட்டையும் ஆளும் இருந்தால் நான் கொட்டைச் சாற்றையே தேர்வேன். 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கினால் 5 சதவீதக் கரைசல் ரெடி. கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்தால் இலையில் ஒட்டும். வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைவதால் மாலையில் அடிக்க வேண்டும். இதன் குறை, கொட்டைக்குக் கொட்டை வீரியம் மாறுவது. பூஞ்சை பிடித்த கொட்டையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம், அதை ஒதுக்குங்கள். பாட்டிலில் அசாடிராக்டின் அளவை 300, 1,500, 10,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று அச்சிட்டிருக்கும், வசதிதான். பணம் கொடுத்து வாங்குவது அந்த எண்ணைத்தான், விலையை அதோடு சேர்த்துப் பாருங்கள். செக்கில் ஆட்டிய எண்ணெயில் அசாடிராக்டின் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இலைப்புழுவுக்கு அதை நம்புவது வீண், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு 3 சதவீதம் அடிக்கலாம். மூன்றில் எதை அடித்தாலும் மீன் குளத்துப் பக்கம் போகவிடாதீர்கள்.

கடைசியாக, வேம்பு என்று நினைத்து மலைவேம்பை எடுத்துவிடும் ஆபத்து. மெலியா அசெடராக் என்ற அந்த மரத்தின் பழத்திலுள்ள மெலியாடாக்சின்கள் என்ற நச்சுப் பொருள்கள் பன்றிகளைக் கொன்றிருக்கின்றன, மனிதருக்கும் நஞ்சேறியிருக்கிறது. வேம்பின் இலை ஒருமுறை மட்டும் பிரியும், மலைவேம்பின் இலை இரண்டு மூன்று தடவை கிளைத்துப் பிரியும். வேம்பின் பூ வெள்ளை, இதன் பூ இளம் ஊதா. வேப்பம்பழம் நீள்வட்டம், ஒரு கொட்டை. மலைவேம்பின் பழம் உருண்டை, இலை உதிர்ந்த பின்னும் கொத்துக் கொத்தாகக் கிளையில் தொங்கும்.