வேலை கேட்காமல் பேசக் கற்றுத் தந்த நான்கு சனிக்கிழமைகள்

பாடாங் செராய் வட்டாரத்தில் வேலை மாற நினைப்பவர்களுக்காக, ஒரு டியூஷன் நிலையத்தின் மாடியில் நான்கு சனிக்கிழமைகள் நடந்த நெட்வொர்க்கிங் (வேலைக்கு உதவும் தொடர்புகளை வளர்க்கும்) வகுப்பில் 120 ரிங்கிட் கட்டிச் சேர்ந்தேன். செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் 14 ஆண்டுகளாகக் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் எனக்கு, 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் ஸ்டோர் பிரிவுக்கு மாற முடியுமா என்று தெரிய வேண்டியிருந்தது.

நம்மூரில் தொடர்பு என்றாலே 'கேபள்' என்றுதான் பொருள் கொள்கிறோம். மேலிடத்தில் ஆள் இருந்தால் வேலை கிடைக்கும், இல்லையென்றால் இல்லை. இந்த எண்ணத்தை முதல் வாரத்திலேயே பயிற்றுநர் மாற்றினார். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களுள் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துவந்தவர்கள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது பார்த்தவர்கள் 55.6 விழுக்காட்டினர், அரிதாகப் பார்த்தவர்கள் 27.8 விழுக்காட்டினர். இதன் காரணம் எனக்கு உடனே விளங்கியது. எங்கள் லயத்தில் அடுத்த வீட்டாருக்குத் தெரிந்த செய்தி காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) முன்பே எனக்கும் வந்துவிடும். எனக்குத் தெரியாததைச் சொல்ல வேறு இடத்தில் புழங்குகிற ஒருவர் வேண்டும்.

இரண்டாம் வாரம்தான் இவ்வகுப்பின் உயிர். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் பேசுகிறவர்களின் பெயர்களை எழுதச் சொன்னார்கள். தமிழ்ப்பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்து, இப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருக்கும் அக்காவின் பெயரை எழுதினேன். அவருக்கு அனுப்பவிருந்த வாட்ஸ்அப் செய்தியில் "வேலை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் அக்கா" என்ற வரியைப் பயிற்றுநர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "உங்கள் வேலையைப் பற்றி 20 நிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா?" என்று எழுதினார். வேலை கேட்டால் இல்லை என்று சொல்ல நேரும். வேலையைப் பற்றிக் கேட்டால் யாரும் மனம் திறந்து பேசுவார்கள் என்பது அவர் தந்த விளக்கம். அக்கா அன்றிரவே பதில் அனுப்பினார். தே தாரேக் கடையில் 20 நிமிடம் ஒன்றரை மணி நேரமாக நீண்டது. உரம், களைக்கொல்லி, உதிரிப் பாகம் ஆகியவற்றின் வரவையும் செலவையும் மாதந்தோறும் எண்ணிக் கணக்கு முடிக்கிற நான் ஏற்கெனவே ஸ்டோர் வேலைதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அவர் சொன்னபோது, அதுவரை என் விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது உறைத்தது.

மூன்றாம் வாரம் ஏமாற்றம். லிங்க்ட்இன் பக்கம் அமைப்பதிலேயே நேரம் போனது. காட்டிய எடுத்துக்காட்டுகளெல்லாம் கோலாலம்பூர் ஹோட்டல் கூட்டங்களில் பெயரட்டை கொடுக்கிறவர்களுக்குப் பொருந்துபவை. முன்பின் பழகாத ஆண் அதிகாரியைப் பெண்கள் எங்கே, எப்படிச் சந்திப்பது என்று ஒரு தங்கை கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. அடுத்த முறையாவது அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் தளத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

கடைசி வாரம், உதவியவருக்கு நன்றி சொல்வதோடு நில்லாமல், அவர் சொன்னதைச் செய்துவிட்டு விளைவைத் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தைத் திருத்தி அக்காவுக்கு அனுப்பினேன். தம் பழைய மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு அவருடைய எண்ணைக் கொடுத்தார். வரும் வியாழக்கிழமை, அக்காவும் உடனிருக்க, அவரைச் சந்திக்கிறேன்.