நீச்சல் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் குளத்தின் அடித்தரை தெரிகிறதா பாருங்கள்

போன மே மாதம் மகளை 21 நாள் நீச்சல் வகுப்பில் சேர்த்தேன். சென்னைப் புறநகரில் ஒரு தனியார் குளம், கட்டணம் 3,500 ரூபாய். "டெய்லி தண்ணி மாத்துறோம் மேடம், பயப்படாதீங்க" என்றார் பணம் வாங்கியவர். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறிய மருந்து வாடையை வைத்து, சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நம்பிவிட்டேன்.

ஆறாம் நாள் கண் சிவந்தது. ஒன்பதாம் நாள் ராத்திரி காது வலி என்று அழ ஆரம்பித்தாள். காலையில் தலை வாரும்போது காது மடலில் சீப்பு லேசாகப் பட்டதற்கே அலறிவிட்டாள். வெளிக்காதுக் குழாய் வீங்கி அடைத்திருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார் காது மூக்கு தொண்டை டாக்டர். ஆறும் வரை காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது.

அன்று மாலையே தம்பியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். அப்பார்ட்மென்ட் குளங்களைப் பராமரிப்பதுதான் அவன் வேலை. ஓரத்தில் நின்று முதலில் அடித்தரையைத்தான் தேடினான். நாலடி ஆழத்திலேயே டைல்ஸ் கோடு தெரியவில்லை, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. "அக்கா, இதுல ஒரு புள்ள அடியில போயிட்டா மேல நிக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது" என்றான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அங்கே முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கோச், அவர் கையிலும் போன்.

பிறகு குளோரின் அளவுக்கு ஏற்ப நிறம் மாறும் டெஸ்ட் ஸ்ட்ரிப் என்ற பட்டையை நனைத்துக் காட்டினான். லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டுமாம். பட்டையில் குளோரினுக்கான கட்டம் நிறம் மாறாமல் வெள்ளையாகவே இருந்தது. அப்போது அந்த வாடை? வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்தால் குளோரமைன் உண்டாகிறது, வாடையும் கண் எரிச்சலும் அதனால்தான். நல்ல குளத்தில் வாடை இவ்வளவு தூக்கலாக இருக்காது. காலையில் ஒருமுறை கொட்டும் பவுடர் மே மாத வெயிலில் மாலை வரை தாங்குவதும் கஷ்டம்.

தினமும் மாற்றுகிறோம் என்றதும் பொய்தான். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் மூன்றரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி 29 வர வேண்டும், அதுவும் கோடையில், தினமும்! குளத்து நீரை மாற்றுவதில்லை, வடிகட்டி மருந்து போட்டுத்தான் காப்பாற்றுவார்கள். அதைத்தான் இவர்கள் செய்யவில்லை. தண்ணீர்ப் பரிசோதனையை எழுதி வைக்கும் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், கடைசிப் பதிவு ஏப்ரல் 2.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ரசீதுலயே போட்டிருக்கே, நோ ரீஃபண்ட்" என்றார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இந்த வாரம் எங்கள் தெருமுனையில் அதே குளத்தின் பேனரை மறுபடி கட்டியிருக்கிறார்கள். பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் வகுப்பு நடக்கும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். ஆழமான பக்கத்தின் அடித்தரை தெளிவாகத் தெரிய வேண்டும். நோட்டைக் கேளுங்கள், காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொன்று, இது பெற்றோர் நாம் செய்ய வேண்டியது: வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் சரியாக இருக்கும் தண்ணீரிலேயே ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும்.